அழிக்கும் முன் கேட்கும் கடை: விண்டோஸ் 11இற்கு மாறியபின் என் மடிக்கணினியைத் திருத்திய அனுபவம்

14 ஆண்டுகளாக நான் தயாரித்த தமிழ்ப் பாட வினாத்தாள்களும் பயிற்சித் தாள்களும் என் மடிக்கணினியில் இருக்கின்றன. பொங்கல் வாரத் திங்கட்கிழமை காலை, அவை எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று திருகோணமலை நகரத்துக் கடையொன்றில் சொன்னார்கள். அன்று பின்னேரமே, மத்திய வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றிலுள்ள வேறொரு கடையில், ஒரு கோப்புக்கூட அழியாமல் அதே கணினி சரியாகிவிட்டது. அந்த இரண்டாவது கடையைப் பற்றியதே இந்த மதிப்புரை. கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார். அவர் ஒருவரே எல்லா வேலையையும் செய்கிறார் என்பதால், ஆட்கள் கூடினால் ஒவ்வொரு கணினிக்கும் கொடுக்கும் நேரம் குறைந்துவிடும் என்பது அவருடைய கவலை. அந்தக் கவலை நியாயமானது என்பதை நான் அங்கே இருந்த நான்கு மணிநேரத்தில் கண்டேன்.

மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. அதன்பின் கணினி நின்றுபோவதில்லை என்றாலும், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் வழக்கம்போல வந்து சேர்வதில்லை. என்னுடையது எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்ட கணினி. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் அதில் உண்டு. ஆகவே இலவச மேம்படுத்தலுக்கான அறிவிப்பு திரையில் வந்தபோது, வியாழக்கிழமை இரவு அதற்கு இணங்கினேன். கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்காமல் இணங்கினேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் பின்னால் நடந்தவை இவ்வளவு பெரிதானதற்கு அதுவே முதற்காரணம்.

விடியற்காலையில் கணினி புதிய தோற்றத்துடன் திறந்தது. என் கோப்புகள் அனைத்தும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் வைஃபை குறியைக் காணவில்லை. அச்சுப்பொறி பட்டியலில் இருந்தும் அச்சிட மறுத்தது. ஒரு கோப்பைத் திறப்பதற்குள் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்ற அளவுக்கு வேகம் குறைந்திருந்தது. க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்கான பயிற்சித் தாள்களை அந்த வாரமே அச்சிட வேண்டியிருந்ததால், சனிக்கிழமை முதற் கடையில் கொடுத்தேன்.

அங்கே செய்ததைக் கெட்ட எண்ணத்துடன் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் என்ன செய்யப்போகிறோம் என்று என்னிடம் கேட்கவுமில்லை, என்ன செய்தோம் என்று எழுதி வைக்கவுமில்லை. முதலில் கணினியில் புதிய பயனர் கணக்கொன்றை உருவாக்கினார்கள். அந்தக் கணக்கில் நுழைந்து காட்டியபோது முகப்பு வெறுமையாக இருந்தது. பென் ட்ரைவில் நான் கொண்டுபோயிருந்த வினாத்தாள் ஒன்றைத் திறந்தால், தமிழ் இருந்த இடமெல்லாம் தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. அப்டேட்டில் எல்லாம் போய்விட்டது என்றார்கள். பிறகு பென் ட்ரைவ் ஒன்றிலிருந்து கணினியைத் தொடக்கிக் கோப்புகளை மீட்கப் பார்த்திருக்கிறார்கள். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்ததால், அதாவது சாவியின்றி யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்ததால், அது பலிக்கவில்லை. அதன்பின் கணினியை எப்படித் தொடக்கினாலும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும் நீலத்திரைதான் வந்தது. திங்கட்கிழமை நான் போனபோது, “சாவி இல்லாட்டி போர்மட் பண்ணத்தான் வேணும்” என்று சொல்லி 4,000 ரூபாய் கேட்டார்கள். கணினியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கூடக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் சொல்லித்தான் ஒழுங்கைக் கடைக்குப் போனேன்.

சிறிய கடை. இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள், நீளமான மேசை, அதன்மேல் மூடி கழற்றிய நிலையில் மூன்று கணினிகள். உரிமையாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். நான் மேசையில் வைத்த கணினியை அவர் உடனே தொடவில்லை. கொப்பியொன்றை எடுத்து, எந்த நாள் மேம்படுத்தினேன், அதன்பின் முதன்முதலில் தவறியது எது, பிறகு யாரெல்லாம் கை வைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். நான் ஒரேயடியாகச் சொன்ன முறைப்பாட்டை அவர் மூன்றாகப் பிரித்தார்: மேம்படுத்தலுக்குப் பிறகு தானாக வந்தவை, சனிக்கிழமைக்குப் பிறகு வந்தவை, முன்பிருந்தே இருந்தவை. கணினித் திருத்தத்தில் அரைவாசி வேலை இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். எனக்குப் பெரிதாகத் தெரிந்த இரண்டு இழப்புகளும், அதாவது காணாமற்போன கோப்புகளும் ஆங்கிலமாகிப்போன தமிழும், மேம்படுத்தலால் வந்தவை அல்ல என்பதை அவர் கணினியைத் திறப்பதற்கு முன்பே அந்தக் கொப்பியிலிருந்து ஊகித்துவிட்டார்.

அடுத்ததாக அவர் கேட்டது: “ரீச்சர், இந்த லப்டொப்பை முதன்முதலா ஆர்ட ஈமெயிலால திறந்தது?” கொழும்பில் வேலை செய்யும் என் மகன்தான் ஆறு ஆண்டுகளுக்கு முன் அதைத் தன் மின்னஞ்சலால் ஒழுங்குசெய்து தந்திருந்தார். மைக்ரோசொஃப்ட் கணக்குடன் இணைக்கப்படும் பல மடிக்கணினிகளில் சாதன மறையாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும் என்றும், அதற்கான மீட்புச் சாவி அதே கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும் என்றும் உரிமையாளர் விளக்கினார். மகனுக்கு அழைப்பெடுத்தோம். நீலத்திரையில் தெரிந்த சாவி அடையாளத்தின் முதல் எட்டுக் குறிகளை இவர் வாசிக்க, மகன் தன் கணக்கிலுள்ள பட்டியலில் அதற்கு ஒத்த வரியைக் கண்டுபிடித்தார். பிறகு ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகளை மகன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மழை பெய்துகொண்டிருந்தது, தொலைபேசி இணைப்பும் தெளிவாக இல்லை.

நான் எழுதி முடித்ததும் உரிமையாளர் கைத்தொலைபேசியின் கணிப்பானைத் திறந்து, ஒவ்வொரு தொகுதியையும் 11ஆல் வகுத்துப் பார்த்தார். சரியான மீட்புச் சாவியில் எட்டுத் தொகுதிகளும் மீதியின்றி 11ஆல் வகுபட வேண்டுமாம்; எழுதும்போது ஓரிலக்கம் பிழைத்தாலும் அது அகப்பட்டுவிடும். ஐந்தாவது தொகுதி வகுபடவில்லை. மீண்டும் மகனிடம் கேட்டபோது, அவர் ஏழு என்று சொன்னதை நான் எட்டு என்று எழுதியிருந்தது தெரிந்தது. திருத்தியபின் வகுபட்டது. நாற்பத்தெட்டு இலக்கங்களையும் தட்டச்சிவிட்டு எது பிழை என்று தேடியிருந்தால் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். தொழிலை உள்ளூர அறிந்தவருக்குத்தான் இப்படியொரு வழி கைவரும்.

உண்மையில் அந்தச் சாவி தேவைப்படவேயில்லை. சாவி கையில் வந்தபின்னரே அவர், விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பான பயோஸைத் திறந்தார். அவர் எதிர்பார்த்தபடியே, நம்பகமான மென்பொருளால் மட்டுமே கணினியைத் தொடக்கவிடும் செக்கியூர் பூட் என்ற பாதுகாப்பு அணைக்கப்பட்டிருந்தது. பென் ட்ரைவிலிருந்து தொடக்குவதற்காக அதை யாரோ அணைத்துவிட்டுத் திரும்ப இயக்காமல் விட்டிருக்கிறார்கள். தொடக்க அமைப்பு மாறிவிட்டதை உணர்ந்த டிபிஎம் சில்லு, வட்டின் பூட்டைத் தானாகத் திறக்க மறுத்து மீட்புச் சாவியைக் கேட்டிருக்கிறது. ஒரு திருடன் வட்டைத் திறக்கப் பார்த்தாலும் அது அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். செக்கியூர் பூட்டைத் திரும்ப இயக்கிச் சேமித்ததும் நீலத்திரை வரவில்லை, கணினி நேராகத் திறந்தது. முன்னதாகவே அமைப்பை மாற்றிப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். சாவி கையில் இல்லாமல் பூட்டில் கை வைக்கக் கூடாது என்பது தன் வழக்கம் என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே இந்தக் கடைக்கு மீண்டும் போவேன்.

திறந்த திரையின் இடது மூலையில் இரண்டு பயனர் பெயர்கள் இருந்தன. என் பழைய பெயரைத் தெரிவுசெய்து கடவுச்சொல்லை இட்டதும், என் முகப்பும் வினாத்தாள் கோப்புறைகளும் அப்படியே வந்தன. இரண்டு நாட்களாக இழந்துவிட்டோம் என்று நினைத்தவை ஒரு சொடுக்கில் திரும்பியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு எதுவும் செய்வதற்கு முன் அவர் அவற்றையெல்லாம் தம் வெளிப்புற வட்டொன்றில் பிரதி எடுத்தார். வேலை முடிந்தபின் என் கண்முன்னாலேயே அந்தப் பிரதியை அழித்தும் காட்டினார். வினாத்தாள்கள் அடங்கிய கணினியை ஒருவரிடம் ஒப்படைக்கும் ஆசிரியருக்கு இந்த ஒழுக்கம் எவ்வளவு முக்கியமானது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ் எழுத்து ஆங்கிலமாகத் தெரிந்ததன் காரணத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் பகுதியில் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். பாமினியில் தமிழ் எழுத்துகளின் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன. ‘அம்மா’ என்று நான் தட்டச்சும்போது கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளையே. எழுத்துரு இருக்கும்வரை அவை அம்மாவாகத் தெரியும், இல்லாதபோது அந்தக் குறிகளாகவே தெரியும். இப்போதைய விண்டோஸில் ஓர் எழுத்துருவை வழக்கமான முறையில் நிறுவினால் அது அந்தப் பயனர் கணக்குக்கு மட்டுமே கிடைக்கும். சனிக்கிழமை உருவாக்கிய புதிய கணக்கில் பாமினி இல்லாமற்போனது அதனால்தான். கோப்புக்கு எதுவும் நேரவில்லை. அவர் எழுத்துருக் கோப்பை வலச்சொடுக்கி, எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும் தெரிவைப் பயன்படுத்தி மீண்டும் நிறுவினார். லதா எழுத்துருவில் செய்த ஆவணங்கள் புதிய கணினியில் வேறு வடிவத்தில் தெரிந்தால், விண்டோஸின் விருப்பத்தேர்வு அம்சங்களில் உள்ள தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் உலகப் பொதுமுறையான யூனிகோடுக்கு மாறும்படியும் வற்புறுத்தினார். அதன் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் நாங்கள் எழுத்துருவை நம்பிக் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டிருப்பது சரியல்ல என்பதை நானும் ஏற்கிறேன். பாமினியின் விசையமைப்பு விரலில் ஊறிவிட்டவர்கள், அதே விசையமைப்பில் யூனிகோடாகத் தட்டச்சும் மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று செய்தே காட்டினார். இது எனக்குப் புதுச்செய்தி. அன்றுமுதல் புதிய தாள்களை அப்படித்தான் செய்கிறேன்.

மற்றவை விரைவாக முடிந்தன, ஆயினும் அவற்றைச் செய்த ஒழுங்கு கவனிக்கத்தக்கது. வைஃபை இல்லாத கணினிக்கு என் கைத்தொலைபேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து இணையம் கொடுத்தார். சாதன மேலாளரில் மஞ்சள் எச்சரிக்கைக் குறியுடன் இருந்த வைஃபை அட்டைக்கு, கணினி மாதிரி எண்ணைப் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே உரிய ட்ரைவரை, அதாவது அந்த அட்டையை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை, இறக்கினார். எல்லா ட்ரைவர்களையும் தேடித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை ஒருபோதும் நிறுவ வேண்டாம் என்பது அவருடைய கண்டிப்பான அறிவுரை. இணையம் வந்த பிறகே, விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சோதித்துப் பழுதானவற்றை மாற்றும் டிஸ்ம், எஸ்எஃப்சி ஆகிய இரண்டு கட்டளைகளையும் இயக்கினார், ஏனென்றால் முதலாவது கட்டளை நல்ல பிரதிகளை இணையத்திலிருந்தே எடுக்கிறது. அச்சுப்பொறியின் பழைய ட்ரைவரைப் பொதியோடு முழுமையாக நீக்கிப் புதியதை நிறுவியதும் அது வேலை செய்தது. பழையதை நீக்காமல் அதன்மேல் புதியதைப் போட்டு நானே வெள்ளிக்கிழமை மூன்று முறை முயன்று தோற்றிருந்தேன். யூஎஸ்பி துளையொன்றின் உள்ளே பச்சை படிந்திருந்ததையும் அவர் கண்டு துப்புரவு செய்தார். உவர்மலையில் கடலைப் பார்த்த யன்னலருகே வைத்துத்தான் நான் கணினியைப் பயன்படுத்துகிறேன். உப்புக்காற்று இரும்பையும் செம்பையும் என்ன செய்யும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கணினியோடு அதை நான் சேர்த்து யோசித்ததில்லை.

வேகக்குறைவுக்குக் காரணம் இடமின்மை. 256 ஜிபி வட்டில் 6 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது. மேம்படுத்தலின்போது பழைய விண்டோஸ் முழுவதும் தனிக் கோப்புறையொன்றில் எடுத்து வைக்கப்படுகிறது. பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் விண்டோஸ் 10இற்கே திரும்பிச் செல்ல அதுதான் வழி. அதை உடனே அழித்தால் இடம் கிடைக்கும், ஆனால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். இன்று நான்காம் நாள், எல்லாம் சரியாக இயங்குகிறதா என்று பத்து நாளும் பார்த்துவிடுங்கள், அதன்பின் அது தானாகவே நீங்கும் என்றார். அதுவரைக்கும் என் அனுமதியுடன் பழைய காணொளிகள் சிலவற்றை என் பென் ட்ரைவுக்கு மாற்றினார். தொடக்கத்தில் தானாக இயங்கிய ஏழு மென்பொருள்களில் ஐந்தை நிறுத்தினார். தேடல் அட்டவணையை விண்டோஸ் மீண்டும் கட்டி முடிக்கும்படி, ஓரிரவு முழுவதும் மின்னிணைப்பில் விடவும் சொன்னார்.

நான் காத்திருந்தபோது கிண்ணியாவிலிருந்து மாணவரொருவர், விண்டோஸ் 11 ஏற்காத ஆறாம் தலைமுறைச் செயலியுடைய கணினியைக் கொண்டுவந்து, எப்படியாவது விண்டோஸ் 11 போட்டுத் தாருங்கள் என்று கேட்டார். சோதனைகளைத் தாண்டி ஏற்றும் குறுக்குவழிகள் உண்டென்றும், அப்படி ஏற்றினால் பின்னால் வரும் அப்டேட்டுகளுக்கு உத்தரவாதம் இல்லை என்பதால் தாம் அதைச் செய்வதில்லை என்றும் உரிமையாளர் சொன்னார். விண்டோஸ் 10இற்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் திட்டத்தை மைக்ரோசொஃப்ட் அறிவித்திருந்தது; அதில் பதிவுசெய்யும் இடத்தை மாணவரின் கணினியிலேயே காட்டிக்கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் முடிந்த அந்த வேலைக்குக் காசு வாங்கவில்லை. வேண்டியிருந்தால் ஒரு வேலையாக்கிப் பணம் பெற்றிருக்கலாம்.

குறைகளையும் எழுதாவிட்டால் இது மதிப்புரையாகாது. தொலைபேசியில் அவரைப் பிடிப்பது கடினம். நான் மூன்று முறை அழைத்தும் எடுக்காததால் நேரில் போக வேண்டியதாயிற்று. காலை பத்து மணிக்கு முன் கடை திறப்பதில்லை. வங்கி அட்டை ஏற்பதில்லை, பற்றுச்சீட்டும் தருவதில்லை. செய்த வேலைகள் ஒவ்வொன்றையும் கொப்பியில் அவ்வளவு நுணுக்கமாக எழுதுகிற ஒருவர், அதன் பிரதியொன்றை வாடிக்கையாளருக்கும் தரலாம். அவசரத்தில் உள்ளவர்களுக்கு அங்கே காத்திருப்பது பொறுமையைச் சோதிக்கும். விளக்கங்களையும் சற்று வேகமாகச் சொல்கிறார். நான் ஆசிரியை என்பதால் திருப்பித் திருப்பிக் கேட்டேன், எல்லோரும் அப்படிக் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. வயதானவர்கள் கூடவே ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது.

கூலியாக 3,500 ரூபாய் கேட்டார். எல்லாவற்றையும் அழிப்பதற்குக் கேட்கப்பட்ட தொகையைவிட அது குறைவு.

வீட்டுக்கு வந்ததும் மீட்புச் சாவியைத் தெளிவாக எழுதி, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் கோவையில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை இரவு கணினியை மின்னிணைப்பில் விட்டேன். புதன்கிழமை காலை 40 மாணவர்களுக்கான தாள்களைத் தடங்கலின்றி அச்சிட்டேன். அந்த வார இறுதியில் 12,500 ரூபாய்க்கு வெளிப்புற வட்டொன்றை வாங்கி, இரண்டாவது பிரதியை நானே எடுத்தேன். மேம்படுத்திய பதினோராம் நாள் பார்த்தபோது, அவர் சொன்னபடியே பழைய விண்டோஸின் கோப்புறை நீங்கியிருந்தது. வட்டில் 51 ஜிபி காலியாக இருந்தது.